சமுய் தீவில் குடியேறப் போகிறீர்களா? முதலில் தண்ணித் தொட்டியைப் பாருங்கள்

கோ சமுயில் என் முதல் வீட்டை ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடலுக்காக எடுத்தேன். ஐந்தாவது வாரம் ஒரு காலையில் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. தலையில் ஷாம்பு நுரையோடு வெளியே வந்து வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே "மை பென் ரை" என்றார். பரவாயில்லை, விடு என்று அர்த்தம். தண்ணி லாரி மறுநாள் சாயங்காலம் வந்தது.

சமுய், தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் தீவு. பரப்பில் அந்த நாட்டில் புக்கெட்டுக்கு அடுத்த பெரிய தீவு. சூரத் தானி மாகாணத்தைச் சேர்ந்தது. (சூரத் என்பது நம் குஜராத் சூரத்தேதான். ஆறாம் ராமா மன்னர் 1915இல் வைத்த பெயர். அங்கே ஓடும் ஆற்றுக்கும் தப்தியின் பெயரையே வைத்துவிட்டார்கள்.) தீவைச் சுற்றி ஓடும் 4169ஆம் எண் சாலை ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றே கூட. ஸ்கூட்டரில் நிதானமாகப் போனாலும் ஒன்றரை மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். இந்தச் சின்ன வட்டத்துக்குள் வேண்டியது எல்லாம் கிடைக்கிறது. ஆனால் ஏறக்குறைய எல்லாமே கடல் தாண்டி வருகிறது. கரண்ட் எதிர்க்கரையில் உள்ள கனோமிலிருந்து கடலடிக் கேபிளில் வருகிறது. தண்ணீரில் பெரும்பங்கு கடலடிக் குழாயில் வருகிறது. அரிசி, காஸ் சிலிண்டர், சிமெண்ட், மாத்திரை எல்லாம் டோன்சாக் துறையிலிருந்து லாரியோடு லாரியாகப் படகேறி வருகின்றன. இதை மனசில் வைத்துக்கொண்டால் கீழே நான் சொல்வதில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

எப்போது வருவது

புக்கெட், கிராபியெல்லாம் அந்தமான் கடல் பக்கம். அங்கே மே முதல் அக்டோபர் வரை மழை. சமுய் அதற்கு எதிர்ப்பக்கம், இங்கே கொட்டுவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் பிடித்து டிசம்பர் வரை, நவம்பரில் உச்சம். சென்னைக்காரருக்கும் நாகப்பட்டினத்துக்காரருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை, நம் ஊர் ஐப்பசி கார்த்திகைதான். ஐரோப்பியர்கள் இணையத்தில் தாய்லாந்து மழைக்காலம் என்று படித்துவிட்டு நவம்பரில் இங்கே வந்து முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி, மார்ச்சில் கடல் கண்ணாடி போல இருக்கும். வாடகையும் அப்போதுதான் உச்சம். என் யோசனை, செப்டம்பரில் வாருங்கள். பேரம் பேச இடம் இருக்கும். ஒரு மாதம் ஊரைப் பார்த்து முடிப்பதற்குள் மழை தொடங்கிவிடும். எந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எந்தச் சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்பது வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்துவிடும்.

விசாவும் பெட்டியும்

2024 ஜூலையில் இந்தியர், இலங்கையர் உள்பட 93 நாட்டவருக்கு விசா இல்லாமலே 60 நாள் தங்க விட்டார்கள். இந்த நாள்கணக்கு அரசு மாறும்போதும் மனசு மாறும்போதும் மாறும். டிக்கெட் போடும் முன் தூதரகத்தின் பக்கத்தில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். நீண்ட காலம் இருக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழியில் போகிறார்கள். 50 வயது தாண்டியவர்களுக்கு ஓய்வுக்கால அனுமதி. அதற்குத் தாய்லாந்து வங்கிக் கணக்கில் 8 லட்சம் பாட் (இந்நாட்டுப் பணம்) வைப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு 2024இல் வந்த டிடிவி விசா. அது ஐந்து வருடம் செல்லும், ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் 180 நாள், கையில் 5 லட்சம் பாட் சேமிப்பு இருப்பதைக் காட்ட வேண்டும்.

உள்ளூரில் ஏதாவது செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பி வராதீர்கள். வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் சம்பளம் வாங்கினால் குற்றம். சுற்றுலா வழிகாட்டி, முடி திருத்துபவர் போன்ற சில வேலைகளை வெளிநாட்டவர் எந்த அனுமதியோடும் செய்ய முடியாது. இன்னொன்று, ஒரு காலண்டர் வருடத்தில் 180 நாளோ அதற்கு மேலோ இருந்தால் வரிக் கணக்கில் நீங்கள் தாய்லாந்துவாசி. 2024 முதல் வெளிநாட்டில் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணத்துக்கும் வரிக் கேள்வி உண்டு.

2025 மே மாதத்திலிருந்து பழைய காகித வருகை அட்டை போய், இணையத்தில் நிரப்பும் அட்டை வந்துவிட்டது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் போலி என்று மூடிவிடுங்கள்.

பெட்டியில் என்ன? மிக்ஸியைக் கொண்டு வாருங்கள், இங்கேயும் 220 வோல்ட்தான். நம் மூன்று முள் பிளக் மட்டும் இங்குள்ள துளையில் நுழையாது, இரண்டு மூன்று அடாப்டர் வேண்டும். பெருங்காயம், தோசைக்கல், குக்கர் காஸ்கெட் இரண்டு. காஸ்கெட்டைச் சொல்லி யாரும் சிரிக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பருப்பு வேகாமல் உட்கார்ந்திருந்தால் தெரியும். வழக்கமான மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு எடுத்து வாருங்கள். மின் சிகரெட் வேண்டவே வேண்டாம், தாய்லாந்தில் சட்டவிரோதம்.

ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஆர்டிஓ ஆபீசில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். அதில் மோட்டார் சைக்கிள் வகைக்கும் முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். காருக்கு மட்டும் வாங்கி வந்து இங்கே ஸ்கூட்டர் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாத கணக்குத்தான்.

வந்து சேருவது

சமுய் விமான நிலையம் 1989இல் பாங்காக் ஏர்வேஸ் கட்டியது, இன்றும் அவர்களுடையது. ஓலைக்கூரை போட்டது போன்ற அழகான நிலையம்தான், டிக்கெட் விலைதான் அழகாக இருக்காது. திருச்சி, கோவை, சென்னைக்காரர்கள் சிங்கப்பூர் வழியாக ஸ்கூட் என்ற மலிவு விமானத்தில் வரலாம். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பாங்காக்கிலிருந்து சூரத் தானிக்கு மலிவு விமானமோ இரவு ரயிலோ பிடித்து, பஸ்ஸில் டோன்சாக், அங்கிருந்து கார் ஏற்றும் பெரிய படகு. கடலில் ஒன்றரை மணி நேரம். படகு நாதோன் துறையில் அல்லது லிப்பா நோய் என்ற துறையில் இறக்கிவிடும், டிக்கெட்டில் எந்தத் துறை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறைய மூட்டை இருந்தால் எனக்குப் படகுதான் பிடிக்கும். கிலோவுக்குக் காசு கேட்க மாட்டார்கள், மேல் தளத்தில் கப் நூடுல்ஸ் கிடைக்கும்.

வீடு

முதல் மாதம் மாத வாடகைக்கு ஓர் அறை போதும். அந்த மாதத்தில் ஊர்களைச் சுற்றிப் பாருங்கள். சவெங் இரவெல்லாம் தூங்காத ஊர். மருத்துவமனை, பெரிய கடைகள் பக்கத்தில் இருக்கும், சத்தமும் பக்கத்தில் இருக்கும். லமாய் அதைவிட ஒரு படி நிதானம், நல்ல சந்தை உண்டு. மேனாம் அமைதி, குடும்பத்தோடு வருபவர்களுக்கு ஏற்றது. நாதோன் அரசு ஆபீஸ்களும் பழைய சீனர் மரக்கடைகளும் உள்ள துறைமுக ஊர். சுற்றுலாப் பயணிகள் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மட்டும் அதைப் பார்ப்பார்கள். எனக்கு அதுதான் ஊர் மாதிரி இருக்கிறது. மேற்கே தலிங் ங்காம் பக்கம் வாடகை குறைவு, சூரியன் கடலில் இறங்குவதைத் தினமும் பார்க்கலாம், பால் வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டும்.

வீடு பார்க்கப் போகும்போது ஹாலை அப்புறம் பாருங்கள். நேராகப் பின்பக்கம் போய்த் தண்ணித் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் 2,000 லிட்டராவது இருக்க வேண்டும். தண்ணீர் அரசுக் குழாயா, கிணறா, லாரியா என்று கேளுங்கள். லாரி என்றால் காசு யார் தருவது? கோடையில், முக்கியமாக ஏப்ரலுக்கு மேல், மலைச்சரிவு வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் ஏறுவது சந்தேகம். சரிவு செங்குத்தாக இருந்தால் லாரியும் ஏறாது. காட்சி அழகாக இருக்கிற வீடு எல்லாம் சரிவில்தான் இருக்கிறது, என்ன செய்ய.

அடுத்தது கரண்ட் மீட்டர். மாகாண மின்வாரியத்தின் பில் உங்கள் கைக்கே நேராக வந்தால் யூனிட்டுக்கு 4 பாட்டை ஒட்டி வரும். வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து வசூலித்தால் 7, 8 என்று கேட்பார்கள். இரவு முழுக்க ஏசி போடுகிற வீட்டில் இந்த வித்தியாசம் மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். என் இரண்டாவது வீட்டில் வாடகை குறைவு என்று சந்தோஷமாகக் குடிபோனேன். முதல் பில்லைப் பார்த்த பிறகு மீட்டரை இரவில் ஒரு முறையும் காலையில் ஒரு முறையும் போட்டோ எடுத்தேன். பக்கத்து அறையின் தண்ணி மோட்டாரும் என் மீட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து குடிபோகிற நாளே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டர் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுவேன்.

அட்வான்ஸ் பொதுவாக இரண்டு மாதம், அதோடு முதல் மாத வாடகை. சாவி வாங்கும் நாளில் சுவர்க் கறை, கீறல், கட்டில் கால், ஏசி ரிமோட் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அப்போதே வீட்டுக்காரருக்கு லைன் செயலியில் அனுப்பிவிடுங்கள். (இங்கே வாட்ஸ்அப்பை விட லைன்தான் எல்லாருக்கும்.) அட்வான்ஸ் திரும்பி வருவதும் வராததும் அந்த வீடியோவில்தான் இருக்கிறது.

வாங்கிவிடலாமே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வெளிநாட்டவர் நிலம் வைத்துக்கொள்ள முடியாது. அடுக்குமாடிக் கட்டடமாக முறைப்படி பதிவானதில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம், மற்றதெல்லாம் 30 வருடக் குத்தகை. உள்ளூர் ஆட்களின் பெயரில் பொம்மைக் கம்பெனி தொடங்கி நிலம் வாங்குவது சட்டவிரோதம், இப்போது அதைத் தேடித்தேடிப் பிடிக்கிறார்கள். ஒரு வருடமாவது வாடகைக்கு இருந்துவிட்டுப் பேசுங்கள்.

காகித வேலை

இமிகிரேஷன் ஆபீஸ் மேனாமில் இருக்கிறது. முழங்கால் தெரியாத உடை, காலையில் சீக்கிரம், கையில் பாஸ்போர்ட்டின் நகல்கள், நீல மை பேனா. இது நான்கும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நீங்கள் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் உங்கள் பெயரை டிஎம் 30 படிவத்தில் பதிய வேண்டும். கடமை அவருடையது, அவதி உங்களுடையது. விசா நீட்டிக்கப் போகும்போது அந்தச் சீட்டு இல்லாமல் கவுண்டரில் நகர மாட்டார்கள். ஒப்பந்தம் பேசும்போதே டிஎம் 30 போட்டுத் தருவீர்களா என்று கேளுங்கள். தயங்குகிற வீட்டை விட்டுவிடுங்கள்.

தொடர்ந்து 90 நாள் நாட்டுக்குள் இருந்தால் முகவரி தெரிவிக்க வேண்டும். கெடு நாளுக்கு 15 நாள் முன்னதாகவும் 7 நாள் பின்னதாகவும் செய்யலாம், அதைத் தாண்டினால் 2,000 பாட் அபராதம். நாட்டை விட்டு வெளியே போய் வந்தால் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். விசா நாள் தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. நீண்ட நாள் தாண்டினால் திரும்ப வரவும் தடை விழும்.

எல்லாவற்றையும்விட நம் ஆட்கள் மாட்டுவது மறுநுழைவு அனுமதியில்தான். வருட நீட்டிப்பு வாங்கிவிட்டு, தங்கை கல்யாணம் என்று அவசரமாக ஊருக்குப் போனார் தெரிந்தவர் ஒருவர். மறுநுழைவு அனுமதி வாங்காமல் எல்லையைத் தாண்டியதும் அந்த வருட நீட்டிப்பு செத்துவிட்டது. ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. நீட்டிப்பு கிடைத்த அதே நாளில் அதையும் வாங்கி வைத்துவிட்டால் கல்யாணமோ சாவோ, நிம்மதியாகப் போய் வரலாம்.

ஸ்கூட்டர்

தீவைச் சுற்றிச் சிவப்பு சோங்தேவ் ஓடும். பின்னால் இரண்டு வரிசை பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி. கை காட்டினால் நிற்கும், இறங்க மணியை அழுத்தி, இறங்கியபின் டிரைவரிடம் காசு கொடுக்க வேண்டும். பகலில் பங்கு வண்டி. இருட்டினால் அதே வண்டி டாக்சி ஆகிவிடும், விலையும் அப்படியே. ஏறும் முன் கேட்டுவிடுங்கள். போனில் டாக்சி கூப்பிடும் கிராப், போல்ட் உண்டு, பாங்காக் விலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆக, எல்லாரும் கடைசியில் ஸ்கூட்டரில்தான் வந்து நிற்பார்கள். மாத வாடகை ஏறக்குறைய 3,000, 4,000 பாட். சாலையின் இடது பக்கம்தான் ஓட்டம், அது நமக்குச் சாதகம். அந்தச் சாதகமே ஆபத்தும் கூட. நம் ஊரில் ஓட்டிய கை என்று ஹாரன் அடித்துக்கொண்டே போக முடியாது, இங்கே ஹாரன் அடித்தால் திட்டியது போல. எதிரே வருபவர் லைட்டை மின்னினால் 'நீ போ' என்று சொல்லவில்லை, 'நான் வருகிறேன், ஒதுங்கு' என்கிறார்.

பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கும் கடையில் எடுக்காதீர்கள். அதை வைத்துக்கொண்டுதான் பழைய கீறலுக்குப் புது விலை சொல்வார்கள். நான் ஒரு கடையில் அப்படி மாட்டி, என் கண் முன்னால் துருப்பிடித்திருந்த கீறலுக்கு 2,500 பாட் கொடுத்தேன். கீறல் புதிது என்றால் துரு எப்படி வந்தது என்று கேட்க அன்று எனக்குத் தாய்லாந்து மொழி தெரியாது. நகலும் ரொக்க முன்பணமும் கொடுத்தால் போதும் என்கிற கடைகள் இருக்கின்றன. வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள், டயரைப் பாருங்கள், இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்.

ஹெல்மெட் ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும். சவெங்குக்கும் லமாய்க்கும் நடுவில் மலையேறி இறங்கும் வளைவுகளில் மணல் கிடக்கும், மழைக்குப் பிறகு தென்னை மட்டையும் கிடக்கும். ரப்பர் செருப்பில் ஓட்டாதீர்கள். முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டும் வெள்ளைக்காரர்களைக் கடற்கரையில் தினமும் பார்க்கலாம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிள் முத்திரை இல்லையென்றால் பயணக் காப்பீட்டுக்காரர் ஒரு பைசா தரமாட்டார். இதுதான் உண்மையான அபராதம், போலீஸ் போடுவது சில்லறை. நீண்ட நாள் இருக்கிறவர்கள் இங்கேயே லைசென்ஸ் எடுத்துவிடலாம். டாக்டர் சான்றிதழ், இமிகிரேஷன் தரும் வசிப்பிடச் சான்றிதழ் கொண்டுபோனால் நிறக்குருடு, பிரேக் மிதிக்கும் வேகம் எல்லாம் சோதித்து, முதலில் இரண்டு வருடத்துக்குத் தருவார்கள்.

சாலையோரத்தில் மதுப் புட்டிகளில் விற்கிறார்களே, அது பெட்ரோல்தான். பங்க்கைவிடச் சில பாட் கூட, அவசரத்துக்கு உதவும்.

சந்தையும் சமையலும்

இந்தத் தீவில் நமக்குப் பெரிய வரம் தேங்காய். சுற்றுலா வருவதற்கு முன் இங்கே தேங்காய்தான் தொழில். இப்போதும் சங்கிலி கட்டிய குரங்கைப் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு மரமேற்றப் போகும் ஸ்கூட்டர்களைக் காணலாம். குரங்கைக் கட்டி வேலை வாங்குவது சரியா என்பது வேறு விஷயம். சந்தையில் ஒரு காலைப்பொழுது போய் நில்லுங்கள். தேங்காய் விற்கும் அக்கா கேட்ட மாத்திரத்தில் ஒரு முழுத் தேங்காயை மெஷினில் துருவிப் பையில் கட்டித் தருவார். சூடு இன்னும் ஆறியிருக்காது. சட்னிக்கு என்றால் மேல் தோலைச் சீவிய வெள்ளைத் துருவல் கேளுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுப் பழுப்பு கலந்து வரும்.

காய்களில் அந்நியமே இல்லை. முருங்கைக்காய்க்கு இங்கே 'மரும்' என்று பெயர். அகத்திப் பூவைப் புளிக்குழம்பில் போடுகிறார்கள். பாகல், பீர்க்கு, பூசணி, நீளக் காராமணி, பச்சை மஞ்சள், புளி எல்லாம் மலிவு. தென் தாய்லாந்துக் குழம்புகளில் மஞ்சள் தூக்கலாக இருக்கும், காரம் நம் ஆந்திராக்காரர்களையே தண்ணி குடிக்க வைக்கும். தோல் நீக்கிய பாசிப்பருப்பு சந்தையிலேயே கிடைக்கும். துவரை, உளுந்து கிடைப்பது கஷ்டம். பாங்காக்கின் பாஹுரத் பக்கத்து இந்தியக் கடைகளிலிருந்து வரவழைக்க வேண்டும், அல்லது லசாடா, ஷாப்பி போன்ற இணையக் கடைகளில் ஆர்டர் போட வேண்டும். தீவு என்பதால் ஓரிரு நாள் கூட ஆகும். கறிவேப்பிலை நான் தொட்டியில் வளர்க்கிறேன், வேறு வழியில்லை.

அரிசியில் ஏமாறாதீர்கள். எங்கும் கிடைக்கும் மல்லிகை அரிசி சாம்பாருக்குக் குழைந்து ஒட்டும், தண்ணீரைக் குறைத்து வையுங்கள். கடையில் வெள்ளை வெளேரென்று குண்டாக இருக்கும் இன்னொன்று பசையரிசி. புழுங்கலரிசி என்று நினைத்து அதை இட்லிக்கு ஊறப்போட்ட நண்பர் வீட்டில் கிரைண்டர் நின்றுபோனது.

சைவக்காரர்களுக்கு மூன்று விஷயம். மீன் சாறும் இறால் விழுதும் தாய்லாந்துச் சமையலில் உப்பு மாதிரி. அவற்றை யாரும் மாமிசக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'மங்சவிரட்' என்றால் சைவம், ஆனால் முட்டை வரும், மீன் சாறும் நுழையலாம். 'ஜே' என்று கேளுங்கள். அது பால், முட்டைகூட இல்லாத கடும் சைவம். பூண்டு வெங்காயமும் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பாக 17 என்று எழுதியது போல ஓர் எழுத்து தெரிந்தால் அது ஜே கடை. செப்டம்பர், அக்டோபரில் சீனர்களின் ஜே திருவிழாவின்போது எங்கு பார்த்தாலும் அந்தக் கொடி பறக்கும், அந்த நாட்கள் நமக்குத் தீபாவளி.

குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். தெருவோரத் தண்ணி மெஷினில் ஒரு பாட் போட்டால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கலாம். 20 லிட்டர் கேன் வீட்டுக்கே வரும். பாக்கெட்டில் காலாவதித் தேதி 69 என்று போட்டிருந்தால் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். இங்கே புத்த ஆண்டு. 543ஐக் கழித்துக்கொள்ளுங்கள், 2569 என்றால் 2026.

உடம்பு, கடல், நாய்

நாதோனில் அரசு மருத்துவமனை, சவெங்கிலும் சுற்றிலும் தனியார் மருத்துவமனைகள். தனியாரில் கவனிப்பு நன்றாக இருக்கும், பில் மயக்கம் வரவைக்கும். காப்பீடு இல்லாமல் தீவுக்கு வராதீர்கள். கடுமையான கேஸ் என்றால் கரைக்கோ பாங்காக்குக்கோ மாற்ற வேண்டியிருக்கும், அந்தப் பயணச் செலவும் காப்பீட்டில் அடங்குகிறதா என்று படித்துப் பாருங்கள்.

காய்ச்சல் வந்தால் முதலில் டெங்குவை நினையுங்கள். ரத்தப் பரிசோதனை ஆகும்வரை பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் கூடாது. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள், தாய்லாந்தில் வெறிநாய்க்கடி இன்னும் இருக்கிறது.

கடற்கரையில் ஆங்காங்கே ஒரு கம்பமும் அதில் வினிகர் புட்டியும் தொங்குவதைப் பார்த்தால் யாரோ சமையலுக்கு வைத்தது என்று நினைக்காதீர்கள். விஷமுள்ள பெட்டி ஜெல்லி மீன் கொட்டினால் ஊற்றுவதற்கு அது. இழை பட்ட இடத்தில் அரை நிமிடமாவது வினிகரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரால் கழுவக் கூடாது. கூடவே ஒருவர் 1669ஐ அழைக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் சவெங், லமாய் அலைகளில் சிவப்புக் கொடி பறந்தால் நீச்சல் தெரிந்தவர்களும் இறங்காமல் இருப்பது நல்லது.

மழை பிடித்துவிட்டால்

2012 டிசம்பரில் கடலடிக் கேபிள் பழுதாகி இந்தத் தீவே மூன்று நாள் இருட்டில் கிடந்தது. 2019 ஜனவரியில் பபுக் புயல் வந்தபோது விமானமும் இல்லை, படகும் இல்லை. இப்போது நிலைமை தேவலாம், ஆனாலும் அக்டோபர் பிறந்ததும் நான் இவற்றை எடுத்து வைத்துவிடுவேன்: தலையில் மாட்டும் விளக்கு, நிரம்பிய பவர் பேங்க், 40 லிட்டர் குடிதண்ணீர், கொஞ்சம் ரொக்கம், பத்து நாளுக்கு அரிசி பருப்பு மாத்திரை. ஒரு உபரிக் காஸ் சிலிண்டர் இருந்தால் ராஜா. படகு இரண்டு நாள் நின்றால் சூப்பர் மார்க்கெட்டில் முதலில் காலியாவது ரொட்டியும் முட்டையும்.

அந்த மாதங்களில் வீட்டுக்குள் எதிரி பூஞ்சை. பெல்ட், தோல் செருப்பு, கேமரா லென்ஸ், பாஸ்போர்ட் அட்டை எல்லாவற்றிலும் சாம்பல் பூத்துவிடும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள். ராத்திரி கூரையிலிருந்து யாரோ 'தொக்கே, தொக்கே' என்று கூப்பிட்டால் அது பெரிய பல்லி. ஏழு முறை கூப்பிட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள், நான் எண்ணிக்கொண்டே தூங்கிவிடுவேன்.

மனிதர்கள்

மன்னர் குடும்பத்தைப் பற்றி நகைச்சுவையாகக்கூட எதுவும் பேசாதீர்கள், எழுதாதீர்கள். 112ஆம் சட்டப்பிரிவில் ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 வருடம் சிறை. கீழே விழுந்த ரூபாய் நோட்டை நாம் காலால் மிதித்துப் பிடிப்போமே, இங்கே பாட் நோட்டில் மன்னர் படம் இருக்கிறது, குனிந்து கையால் எடுங்கள். செருப்பைக் கழற்றுவது, தலையைத் தொடாமல் இருப்பது, பெரியவர் முன் காலை நீட்டாமல் இருப்பது எல்லாம் நம் பாட்டி சொல்லிக்கொடுத்ததேதான்.

நம்மை அவர்கள் 'கேக்' என்பார்கள். விருந்தாளி என்று பொருள், தெற்காசியரையும் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். சொல்கிற தொனியைப் பொறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போலவே யாரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தம்பி தங்கைக்கு 'நோங்'. அண்ணன் அக்கா இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் உண்டு. அதைத் தமிழில் எழுதினால் சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அதனால் எழுதவில்லை. வந்த முதல் வாரம் மரியாதையாக ஒருவரை அப்படிக் கூப்பிட எனக்கு வாயே வரவில்லை. இப்போது தேங்காய் அக்காவைத் தினமும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான். சங்கராந்திதான் அது, நம் சித்திரை முதல் நாளோடு சேர்ந்து வருகிற அதே சூரியப் புத்தாண்டு. தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லார் மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த மூன்று நாள் ஸ்கூட்டரை எடுக்காதீர்கள், போனைப் பிளாஸ்டிக் பையில் போடுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டு மாதத்தில் இப்படி ஊற்றுகிறார்களே என்று ஒரு முறை வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். பதிலுக்கு ஒரு சொம்பு என் தலையில் விழுந்தது.

கடைசியாக, ஒரு தாளில் இந்த எண்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ஆம்புலன்சுக்கு 1669, சுற்றுலாப் போலீசுக்கு 1155, போலீசுக்கு 191, கரண்ட் போனால் 1129. அவற்றுக்குக் கீழே வீட்டுக்காரர், காஸ் கடை, தண்ணி லாரி. என் வீட்டுத் தாளில் கைபட்டுக் கைபட்டு அழிந்து, மூன்று முறை திரும்ப எழுதியது அந்தக் கடைசி எண்தான்.